புது வண்டி திரும்பத் திரும்பப் பழுதானால்: கலிஃபோர்னியா லெமன் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஃப்ரீமாண்ட்டில் ஆசை ஆசையாக வாங்கிய புது ஏழு சீட்டர் வண்டி, சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து இடித்தது போலக் குலுங்கியது. நான்கு முறை சர்வீஸுக்கு விட்டோம். மொத்தம் 34 நாட்கள் வண்டி டீலரிடமே கிடந்தது. கடைசியில் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அன்றிலிருந்து பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் வந்து, "அக்கா, எங்க வண்டியும் இப்படித்தான் பண்ணுது" என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் தெரிந்துகொண்ட பதில்களும் இங்கே. நான் வக்கீல் இல்லை. உங்கள் வண்டிக்கான முடிவை வக்கீலிடம் கேட்டு எடுங்கள். ஆனால் அவரிடம் போகும்முன் இவ்வளவாவது தெரிந்திருப்பது நல்லது.

"லெமன் சட்டம்னா என்ன? எலுமிச்சம்பழத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?"

நமக்கு எலுமிச்சை மங்களமான பொருள். லிவர்மோர் கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்து நசுக்கித்தான் நாங்களும் வண்டியை எடுத்தோம். அமெரிக்கப் பேச்சு வழக்கில் அர்த்தமே வேறு. பார்க்கப் பளபளவென்று இருந்து, வாங்கியபின் பயன்படாமல் போகும் பொருளுக்கு 'லெமன்' என்று பெயர்.

கலிஃபோர்னியாவில் இதற்கு அடித்தளம் 1970இல் வந்த சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்ட்டி சட்டம். 1982இல் டேனர் சட்டம் அதோடு சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலம் லெமன் சட்டம் கொண்டுவந்ததும் அதே வருடம்தான். சாரம் இதுதான்: வாரண்ட்டியில் இருக்கும் பழுதை நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் சரிசெய்ய முடியவில்லை என்றால், வண்டியைத் தயாரித்த கம்பெனி அதை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

"எத்தனை தடவை கெட்டுப்போனா லெமன்னு ஒத்துக்குவாங்க?"

டெலிவரி எடுத்த நாளிலிருந்து 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முதலில் வருகிறதோ, அதற்குள் மூன்றில் ஒன்று நடந்திருந்தால் 'நியாயமான முயற்சி முடிந்துவிட்டது' என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. உயிருக்கு அல்லது உடலுக்குப் பெரிய ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது என்றால் இரண்டு முறை சர்வீஸுக்குப் போயிருக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், ஓடும்போதே எஞ்சின் அணைந்துபோவது எல்லாம் இந்த வகை. மற்ற பழுது என்றால், அதே பழுதுக்காக நான்கு முறை. இல்லையென்றால், பழுதுகள் வெவ்வேறாக இருந்தாலும், வண்டி சர்வீஸில் இருந்த நாட்கள் மொத்தம் 30ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு வழிக்கும் இன்னொரு நிபந்தனை உண்டு. வாரண்ட்டி புத்தகத்திலோ ஓனர் மேனுவலிலோ 'எங்களுக்கு நேரடியாகத் தெரிவியுங்கள்' என்று தெளிவாகப் போட்டிருந்தால், டீலருக்குச் சொன்னது போதாது; கம்பெனிக்கே ஒரு முறையாவது தெரிவித்திருக்க வேண்டும். அந்த முகவரிக்கு சர்ட்டிஃபைட் மெயிலில் ஒரு கடிதம் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

"18 மாசம் தாண்டிடுச்சு. அப்போ அவ்வளவுதானா?"

இல்லை. இப்படி நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், கேட்கும்போதே வருத்தமாக இருக்கும். மேலே சொன்னது வாங்கியவருக்குக் கிடைக்கும் கூடுதல் பலம். அந்தக் கணக்கு பொருந்தினால் நிரூபிக்கும் சுமை கம்பெனி பக்கம் போகிறது. பொருந்தாவிட்டாலும் உரிமை போய்விடுவதில்லை. கம்பெனி வாரண்ட்டி இருக்கும் காலத்தில் பழுது வந்து, சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் நீங்களே அதைக் காட்டி வழக்காடலாம். மூன்று முறை போனவர்கள், 25,000 மைலில் பிரச்சினை தொடங்கியவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரே ஒரு முறை சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் பணம் கேட்க முடியாது.

"எந்த மாதிரி பழுதுக்கு இது? கதவுல சத்தம் வருது, அதுக்கும் கேட்கலாமா?"

வண்டியின் பயன்பாட்டையோ மதிப்பையோ பாதுகாப்பையோ கணிசமாகக் குறைக்கும் பழுதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். லேசான 'கிறீச்' சத்தத்துக்கு இது ஆயுதம் இல்லை. ஆனால் மழை பெய்தால் கூரை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, சாக்ரமெண்டோ வெயிலில் ஏ.சி. நின்றுவிடுகிறது என்றால் அதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது. வண்டியைத் தாறுமாறாகப் பயன்படுத்தியதால் வந்த பழுதுக்கு இந்தச் சட்டம் உதவாது.

"டீலர் ஒவ்வொரு தடவையும் 'எல்லாம் நார்மல்தான்'னு திருப்பி அனுப்பிடறாங்க. அது கணக்குல வருமா?"

வரும். நீங்கள் வண்டியைக் கொண்டுபோய் விட்டு, சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தாலே அது ஒரு முயற்சி. அவர்கள் ஸ்பேனரைத் தொட்டார்களா இல்லையா என்பது உங்கள் பொறுப்பு இல்லை. ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். முதல் முறை போனபோது சர்வீஸ் அட்வைசர் எழுதிய ரிப்பேர் ஆர்டரில் 'வண்டி குலுங்குவதாக வாடிக்கையாளர் கூறுகிறார்' என்று இருந்தது. இரண்டாம் முறை 'சத்தம் வருவதாக' என்று எழுதியிருந்தார்கள். நான் சத்தம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு கம்பெனி, 'இவை இரண்டும் வேறு வேறு புகார்கள்' என்று அந்த ஒரு வார்த்தையை வைத்தே வாதாடியது.

மூன்றாம் முறை நான் விடவில்லை. அட்வைசரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து மௌரி அவென்யூவில் ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பியதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அவர் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும், 'நின்று கிளம்பும்போது குலுங்குகிறது, முதல் முறை வந்த அதே புகார்' என்று எழுதச் சொல்லி, அவர் டைப் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

கலிஃபோர்னியாவில் வாரண்ட்டியில் இலவசமாகச் செய்யும் வேலைக்கும் எழுத்தில் இன்வாய்ஸ் தர வேண்டும் என்பது சட்டம். 'ஒன்றும் செய்யவில்லை, அதனால் பேப்பர் இல்லை' என்றால் நகராதீர்கள். வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி, விட்டபோதும் எடுத்தபோதும் இருந்த மைல், உங்கள் புகார் உங்கள் வார்த்தையில், இவ்வளவும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழுது தெரியும் நேரத்தில் ஃபோனில் ஒரு வீடியோ எடுத்து வைப்பதும் உதவும். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

"30 நாள் கணக்குல சனி ஞாயிறு சேருமா? லோனர் கார் கொடுத்தாங்களே?"

சேரும். காலண்டர் நாட்கள்தான் கணக்கு, தொடர்ச்சியாக இருக்க வேண்டியதும் இல்லை. லோனர், அதாவது சர்வீஸ் முடியும்வரை ஓட்ட டீலர் தரும் வண்டி, கொடுத்ததால் உங்கள் வண்டி சர்வீஸில் இல்லை என்று ஆகிவிடாது. மேலே சொன்ன இன்வாய்ஸ் தேதிகள் இங்கே மறுபடி கைகொடுக்கும். வண்டி வெள்ளிக்கிழமை தயாராக இருந்தும் நீங்கள் சாவகாசமாகச் செவ்வாய்க்கிழமை போய் எடுத்தால் அந்த நாட்களை நம்பாதீர்கள்.

"கேஸ் டீலர் மேலயா, கம்பெனி மேலயா?"

திரும்ப வாங்கும் கடமை தயாரித்த கம்பெனிக்கு. டீலர் மேனேஜரிடம் கத்திப் பயனில்லை, 'என் கையில் இல்லை' என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது சரியான காகிதம் மட்டுமே. ஒரே பிராண்டின் வேறொரு டீலரிடம் காட்டியிருந்தாலும் அந்த முயற்சி கணக்கில் சேரும், ஏனென்றால் இருவருமே கம்பெனியின் சார்பில்தான் பழுது பார்க்கிறார்கள்.

"எவ்வளவு பணம் திரும்பி வரும்? ஓட்டின மைலுக்கு நிறைய பிடிச்சுக்குவாங்களாமே?"

நீங்கள் கொடுத்த டவுன் பேமென்ட், கட்டிய தவணைகள், விற்பனை வரி, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் எல்லாம் சேரும். பழுதினால் வண்டியை இழுத்துச் செல்ல ஆன டோ செலவு, வாடகைக் கார் செலவும் கேட்கலாம், ரசீது இருக்க வேண்டும். லோனில் மீதி இருப்பதைக் கம்பெனி நேராக பேங்க்குக்குக் கட்டிவிடும். டீலரோ நீங்களோ தனியாக மாட்டிய ஆக்சஸரிகள் இதில் சேராது.

கழிவு உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. அந்தப் பழுதுக்காக முதல் முறை சர்வீஸுக்கு விட்டபோது ஓடியிருந்த மைலை 1,20,000ஆல் வகுத்து, வண்டி விலையால் பெருக்க வேண்டும். எங்கள் வண்டி விலை 44,000 டாலர், முதல் முறை விட்டபோது 2,400 மைல். கழித்தது 880 டாலர். அதற்குப்பின் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினோம், அதற்கு ஒரு காசு பிடிக்கவில்லை. 'இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று முதல் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

"பணம் வேண்டாம், வேற புது வண்டி தர்றோம்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?"

உங்கள் விருப்பம். மாற்று வண்டியை ஏற்கச் சொல்லி வற்புறுத்த சட்டத்தில் இடமில்லை, பணம்தான் வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சில சமயம் மூன்றாவதாக ஒரு பேரம் வரும்: 'சில ஆயிரம் டாலர் தருகிறோம், வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.' பழுது தொந்தரவு மட்டும்தான் என்றால் யோசிக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேயில் போகும் வண்டியில் பிரேக் சந்தேகம் என்றால் எந்தத் தொகைக்கும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

"கோபத்துல லோன் கட்டறதை நிறுத்திடலாமா?"

கூடாது. லோன் உங்களுக்கும் பேங்க்குக்கும் இடையிலான விஷயம். நிறுத்தினால் உங்கள் கிரெடிட் ஸ்கோர் போகும், வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடவும் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுங்கள். கட்டிய பணமும் மேலே சொன்ன கணக்கில் திரும்பி வரும். லீஸ் வண்டிக்கும் இந்தச் சட்டம் உண்டு, அங்கே கட்டிய லீஸ் பணம் கணக்கில் வரும்.

"நாங்க எச்1பி வேலை விசால இருக்கோம். கேஸ் கீஸுன்னு போனா க்ரீன் கார்டுக்குப் பிரச்சினை வருமா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது. இந்தச் சட்டம் வாங்கியவரின் விசாவைப் பார்ப்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களை அமல்படுத்தும்போது ஒருவரின் குடியேற்ற நிலை பொறுப்பைத் தீர்மானிப்பதில் பொருட்டல்ல என்று கலிஃபோர்னியா சிவில் சட்டத்தின் 3339ஆம் பிரிவே சொல்கிறது. இது குற்ற வழக்கும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நீங்கள் நியாயம் கேட்கும் சிவில் விவகாரம். ஊரை விட்டு வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் நாங்கள் வீணடித்தது இரண்டு மாதம்.

"வக்கீலுக்கு யார் கொடுக்கறது?"

நீங்கள் ஜெயித்தால் நியாயமான வக்கீல் கட்டணத்தைக் கம்பெனிதான் தர வேண்டும். அதனால் முன்பணம் வாங்காமலே எடுத்துக்கொள்ளும் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு வரும் தொகையில் பங்கு கேட்கிறார்களா, தோற்றால் செலவு யாருடையது, நடுவில் வக்கீலை மாற்றினால் என்ன ஆகும் என்று நேராகக் கேளுங்கள்.

கம்பெனி தன் கடமை தெரிந்தே வேண்டுமென்று தட்டிக்கழித்தது என்று நிரூபித்தால், இழப்பின் இரண்டு மடங்கு வரை கூடுதல் அபராதம் கேட்கவும் வழி உண்டு.

"கோர்ட்டுக்குப் போகாம முடிக்க முடியாதா?"

முடியும். பல கம்பெனிகள் மாநில அரசின் சான்று பெற்ற நடுவர் தீர்வு முறையில் சேர்ந்திருக்கின்றன. வாங்கியவருக்குச் செலவில்லை. வரும் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் கம்பெனி கட்டுப்பட வேண்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம். உங்கள் கம்பெனிக்கு அப்படிச் சான்று பெற்ற முறை இருந்தால், இரண்டாம் கேள்வியில் சொன்ன 18 மாத அனுமானத்தின் பலனைக் கேட்பதற்கு முன் அங்கே போயிருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் உங்களுக்குச் சான்று காகிதம்தான். தயார் ஆகாமல் போகாதீர்கள்.

"டீலர் கான்ட்ராக்ட்லயே 'ஆர்பிட்ரேஷன் மட்டும்தான்'னு இருக்கே, கையெழுத்து போட்டுட்டேனே?"

ஆர்பிட்ரேஷன் என்றால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது. ஆனால் அது உங்களுக்கும் டீலருக்கும் நடந்த ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போடாத தயாரிப்பாளர், அதைக் காட்டி உங்களைக் கோர்ட்டுக்கு வரவிடாமல் தடுக்க முடியாது என்று ஃபோர்டு வாரண்ட்டி வழக்குகளில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. இதையும் முந்தைய கேள்வியில் சொன்ன நடுவர் முறையையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.

"சட்டத்தையே மாத்திட்டாங்களாமே?"

பாதி உண்மை. 2024இல் ஏபி 1755 என்ற சட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் எஸ்பி 26 வந்து, விரும்பிச் சேரும் கம்பெனிகளுக்கு மட்டும் அந்தப் புது நடைமுறை என்று ஆக்கிவிட்டது. ஆகவே இப்போது இரண்டு பாதைகள். உங்கள் கம்பெனி சேர்ந்ததா என்பதை மாநில நுகர்வோர் விவகாரத் துறை வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

சேர்ந்த கம்பெனி என்றால், வாரண்ட்டி முடிந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எப்படிப் பார்த்தாலும் முதல் டெலிவரியிலிருந்து ஆறு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு மடங்கு அபராதம் கேட்பதாக இருந்தால், வழக்குக்குக் குறைந்தது 30 நாள் முன்பே வண்டியின் 17 இலக்க எண்ணையும் பழுது விவரத்தையும் எழுதி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது மாற்றிக் கொடுங்கள் என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த 30 நாளுக்குள் கம்பெனி ஒப்புக்கொண்டு, 60 நாளுக்குள் முடித்துவிட்டால் அபராதம் கிடையாது. நோட்டீஸ் கொடுத்தபின் 30 நாளாவது வண்டி உங்கள் கையில் இருக்கவும் வேண்டும்.

"நான் வாங்கினது யூஸ்டு கார். ஆனா கம்பெனி வாரண்ட்டி இன்னும் பாக்கி இருக்கு."

2024 அக்டோபர் 31 வரை இதற்கு 'சேரும்' என்று சொல்ல இடமிருந்தது. அன்று ராட்ரிகஸ் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பழைய வாரண்ட்டியின் மீதி இருப்பதாலேயே அது 'புது வண்டி' ஆகிவிடாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இருந்தது 55,000 மைல் ஓடியபின் வாங்கிய டாட்ஜ் டிரக். விற்கும்போது கம்பெனி புதிதாக வாரண்ட்டி கொடுத்திருந்தால் கதை வேறு. டீலரே எழுத்தில் தனி வாரண்ட்டி கொடுத்திருந்தால் அவரைப் பொறுப்பாக்க வழி உண்டு. 1975ஆம் வருடத்து மேக்னசன்-மாஸ் என்ற மத்திய வாரண்ட்டிச் சட்டமும் இருக்கிறது. சுலபம் இல்லை, ஆனால் கதவு முழுக்க மூடவில்லை.

டீலர் டெமோவுக்கு ஓட்டிய வண்டியைக் கம்பெனி வாரண்ட்டியோடு வாங்கியிருந்தால் அது புது வண்டிக் கணக்கில்தான் வரும்.

"வரி மிச்சம்னு ஒரிகன்ல போய் வாங்கினேன். ஓட்டறது இங்கதான்."

கலிஃபோர்னியா சட்டம் கலிஃபோர்னியாவில் விற்ற வண்டிக்குத்தான். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாங்கிய மாநிலத்தின் சட்டத்தையும் மத்திய சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

"கம்பெனி பேர்ல வாங்கின வண்டிக்கு?"

வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்குள் இருந்து, உங்கள் தொழிலின் பெயரில் இந்த மாநிலத்தில் ஐந்து வண்டிக்கு மேல் பதிவாகாமல் இருந்தால் சேரும்.

"எலக்ட்ரிக் கார். ராத்திரி சாஃப்ட்வேர் அனுப்பி 'சரியாயிடுச்சு'ங்கறாங்க. இது ஒரு தடவையா?"

சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள். ஆப்பில் புகார் போட்டு, அவர்கள் தூரத்திலிருந்தே எதையோ மாற்றி முடித்தால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. பழுது மறுபடி வந்ததும் சர்வீஸ் சென்டரில் நேரம் வாங்கிக் கொண்டுபோய் விட்டு, இன்வாய்ஸ் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் மெக்கானிக்கிடமும் கேளுங்கள். ஆப்பில் நடந்த உரையாடலை, தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"வெறுத்துப் போய் வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டேன். இனி கேட்க முடியாதுல்ல?"

கேட்கலாம். 2024 மார்ச்சில் நீடர்மையர் வழக்கில் இதே கேள்விதான் வந்தது. பழுதான ஜீப்பை அவர் வேறொரு டீலரிடம் 19,000 டாலருக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தார். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவோம் என்றது கம்பெனி. கழிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் புதுப் பாதையில் சேர்ந்த கம்பெனி என்றால், மேலே சொன்ன நோட்டீஸும் 30 நாளும் முடியாமல் விற்றுவிட்டால் அபராதம் கேட்கும் வழி அடைபட்டுவிடும். விற்கும்முன் ஒரு ஃபோன், வக்கீலுக்கு.

"திரும்ப எடுத்துக்கிட்ட வண்டியை என்ன பண்ணுவாங்க? நாங்க வாங்கற பழைய வண்டி அப்படிப்பட்டதான்னு எப்படித் தெரியும்?"

பெரும்பாலும் சரிசெய்து மறுபடி விற்பார்கள், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மறைக்கக் கூடாது. வண்டியின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், 'லெமன் லா பைபேக்' என்று பதிந்திருக்க வேண்டும், என்ன பழுது இருந்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும், அந்தப் பழுதுக்கு ஒரு வருட வாரண்ட்டியும் தர வேண்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் அதற்கான ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். சென்ற மாதம் நண்பர் ஒருவர் பார்க்கப்போன வண்டியில் அந்த இடத்தில் பசை மட்டும் சதுரமாகக் காய்ந்திருந்தது. விலை நல்ல விலைதான். டைட்டில் விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள் என்றேன்.